டேங்க் ரோட்டில் விளக்கு வைக்கும் நேரம்

(சிங்கப்பூர் டோபி காட்டில் ஒரு சனிக்கிழமை மாலை ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நாம் உட்கார்ந்திருக்கும் இந்த இடத்துக்குக் கீழே மூன்று ரயில் பாதைகள் போகின்றன. 1987 டிசம்பர் 12-ஆம் தேதி முதல் பாதை வந்தது, 2003-இல் இரண்டாவது, 2010-இல் மூன்றாவது. அந்த ரயில்களுக்குப் பகலும் இரவும் ஒன்றுதான். நடுப்பகலில் ஏறினாலும் விளக்கு வெளிச்சம்தான், நள்ளிரவில் ஏறினாலும் அதே வெளிச்சம்தான். நான் பேச வந்த ரயில் அப்படிப்பட்டதல்ல. அது தோட்டத்தில் ஓடுகிற பொம்மை ரயில். பொழுது சாய்ந்தால் அதன் நிலையத்தில் விளக்கு தானாக எரிய வேண்டும், விடிந்தால் தானாக அணைய வேண்டும், மின்வாரியத்துக்கு ஒரு காசு கட்டணம் போகக்கூடாது. இவ்வளவுதான் என் ஆசை. இதற்கு எனக்கு இரண்டு வருடம் ஆயிற்று. ஏன் அவ்வளவு காலம் என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் இந்த ஊர்ப் பெயர். சலவைத் தொழிலாளர்களைக் குறிக்கும் ‘டோபி’, படித்துறையைக் குறிக்கும் ‘காட்’, இரண்டும் சேர்ந்தது டோபி காட். வங்காளத்திலிருந்தும் சென்னைப் பக்கத்திலிருந்தும் வந்த சலவைத் தொழிலாளர்கள் இங்கே ஓடிய ஓடையில் துணி துவைத்தார்கள். பக்கத்து வெற்று நிலத்தில் காயப் போட்டார்கள். நம் ஆட்கள் இந்தத் தெருவை வண்ணார் தெரு என்றே சொன்னார்கள். ஓடை இன்று கான்கிரீட்டுக்குள் போய்விட்டது, துணி காய்ந்த நிலத்தில் கட்டடங்கள் நிற்கின்றன. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: இந்த இடத்தில் சூரிய சக்தியை வைத்துத் தொழில் நடத்திய முதல் ஆட்கள் அவர்கள்தான். வெயில் எத்தனை மணிக்கு உறைக்கும், மேகம் எந்தப் பக்கத்திலிருந்து ஏறும், எப்போது ஓடிப் போய்க் கொடியிலிருந்து துணியை உருவ வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. என் பொம்மை ரயிலுக்கு நான் கற்றுக்கொள்ள வேண்டியிருந்த பாடமும் அதுதான். ஆனால் நான் அதைப் புத்தகத்தில் தேடினேன். அந்தப் புத்தகம் எழுதப்பட்டது இங்கிலாந்தில்.

சரி, எந்த ரயில்? இங்கிருந்து நடந்தே போகிற தூரத்தில், ஃபோர்ட் கேனிங் குன்றின் அடிவாரத்தில், 1903-இல் ஒரு ரயில் நிலையம் திறந்தார்கள். டேங்க் ரோடு நிலையம். சிங்கப்பூரின் முதல் ரயில் பாதை அங்கே தொடங்கி, நியூட்டன், புக்கிட் தீமா வழியாக வடக்கே உட்லண்ட்ஸ் வரை போனது. அங்கே இறங்கிப் படகேறினால் ஜொகூர். பாலம் கட்டியதெல்லாம் பிறகு. 1932-இல் தஞ்சோங் பகார் நிலையம் வந்தது, டேங்க் ரோட்டின் காலம் முடிந்தது. அந்தத் தஞ்சோங் பகாரும் 2011 ஜூன் 30-ஆம் தேதி கடைசி ரயிலை அனுப்பிவிட்டுக் கதவை மூடியது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். அன்றிரவு நானும் அங்கே கூட்டத்தில் நின்றேன். டேங்க் ரோடு நிலையத்தைப் பார்த்தவர்கள் இந்த அரங்கில் யாரும் இருக்க முடியாது. ஆனால் எதிரொலி கேட்கும்: தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து காவடி எடுத்து நடப்பவர்கள் போய்ச் சேருவது அதே டேங்க் ரோட்டில்தான், தெண்டாயுதபாணி கோயிலுக்கு. கோயில் 1859-இல் செட்டியார்கள் கட்டியது. ரயிலுக்கு மூத்தது, ரயில் போன பிறகும் நிற்கிறது.

இந்த ரயிலில் நம் ஆட்களுக்கு நிறையப் பங்கு உண்டு. மலாயா முழுவதும் தண்டவாளம் போட்ட கைகளிலும், வெயிலில் ஜல்லி இடித்துச் சமன் செய்த கைகளிலும் தமிழ்க் கைகள் ஏராளம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் நிலைய அதிகாரிகளாகவும் எழுத்தர்களாகவும் மலாயா நிலையங்களில் வேலை பார்த்தார்கள். இன்னொரு வேலையும் இருந்தது, யாரும் அதிகம் பேசாத வேலை: விளக்குக்காரர். பொழுது சாயும்போது மண்ணெண்ணெய் விளக்குகளைத் துடைத்து, திரி வெட்டி, ஏற்றி, ஏணியில் ஏறிக் கைகாட்டி மரத்தில் மாட்டிவிட்டு வருவார். விடிந்ததும் இறக்குவார். தெருவிலேயே அப்போது மின்விளக்கு கிடையாது. சிங்கப்பூர்த் தெருக்களில் எரிவாயு விளக்கு 1864-இல் வந்தது, மின்விளக்கு 1906-இல்தான். ஆக, 1903-இன் டேங்க் ரோட்டை நான் பொம்மையாகச் செய்கிறேன் என்றால், உண்மையில் நான் செய்ய வேண்டியது நிலையத்தை அல்ல, அந்த விளக்குக்காரரை. அவருக்குப் பதிலாக ஒரு சின்ன மின்சுற்று.

மாதிரி ரயிலின் அளவைப் பற்றி ஒரு வார்த்தை. தோட்டத்தில் ஓட்டுவதற்கென்று பெரிய பொம்மை ரயிலை 1968-இல் கொண்டுவந்தது ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரத்து லேமான் பொம்மை நிறுவனம். தண்டவாள அகலம் 45 மில்லிமீட்டர், அளவு 22.5-இல் ஒன்று. ஏன் இந்த விசித்திரமான எண்? மீட்டர் கேஜ் பாதையை 22.5-ஆல் வகுத்துப் பாருங்கள், 44.4 மில்லிமீட்டர் வரும். அவர்கள் தங்கள் நாட்டு மலை ரயில்களை நினைத்துச் செய்தார்கள். ஆனால் மலாயா ரயிலும் மீட்டர் கேஜ், ஊட்டி ரயிலும் மீட்டர் கேஜ், நம் பெற்றோர் பலரும் ஊரில் ஏறி இறங்கிய ரயிலும் மீட்டர் கேஜ். ஜெர்மன்காரர் செய்த தண்டவாளம் டேங்க் ரோட்டுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரிப் பொருந்துகிறது.

இந்த அளவில் ஒரு ஆள் ஏழரை சென்டிமீட்டர் உயரம் இருப்பார். அவருடைய உலகத்தை நினைத்துப் பாருங்கள். மூன்று மில்லிமீட்டர் மழைத்துளி அவர் தலையில் எலுமிச்சைப்பழம் போல விழும். நம் வீட்டுச் சுவர்ப் பல்லி பத்து சென்டிமீட்டர், அவருக்கு அது இரண்டேகால் மீட்டர் முதலை. இதை வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. என் நிலையக் கட்டடத்துக்குள் முதலில் குடியேறியது பயணிகள் அல்ல, எறும்பு. இரண்டாவது பல்லி. முதல் மழைக்காலத்தில் டிக்கெட் அறைக்குள் எறும்புப் புற்றும், அதன் நடுவே பச்சை பூத்துப்போன மின்கம்பியும் கிடந்தன.

ஆனால் அதற்கு முந்திய கதையைச் சொல்ல வேண்டும். நான் குடியிருப்பது வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடி வீடு. தோட்டம் என்றால் தாழ்வாரத்தில் வரிசையாக வைத்த தொட்டிகள்தான். அங்கேதான் முதல் நிலையத்தை வைத்தேன். தாழ்வாரத்தில் நடப்பதற்கு 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்பது குடிமைத் தற்காப்புப் படையின் விதி. அதை அளந்து விட்டுத்தான் வைத்தேன். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் சூரிய ஒளித் தோட்ட விளக்குகள் ஆறை வாங்கி, பிரித்து, உள்ளே இருந்ததை நிலையத்தில் பொருத்தினேன்.

அந்த மலிவு விளக்கைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். அதன் வயிற்றுக்குள் இருப்பது ஒரு சின்ன சோலார் தகடு, ஒரே ஒரு 1.2 வோல்ட் பேட்டரி, ஒரு எல்இடி, ஒரு சிறு கம்பிச்சுருள், நாலு கால் உள்ள ஒரு சில்லு. வெள்ளை எல்இடி எரிய ஏறக்குறைய 3 வோல்ட் வேண்டும், பேட்டரியிலோ 1.2 வோல்ட்தான். எப்படி எரிகிறது? சில்லு, கம்பிச்சுருளில் மின்னோட்டத்தை நொடிக்குப் பல்லாயிரம் தடவை விட்டு விட்டு நிறுத்துகிறது. நிறுத்தும் ஒவ்வொரு முறையும் சுருள் ஒரு உதை உதைக்கிறது. அந்த உதைதான் 3 வோல்ட்டைத் தாண்டுகிறது. துணியைக் கல்லில் அடிக்கிற கை போல, மெதுவாக ஓங்கி, சடாரென்று இறக்குவது. இன்னொரு அழகு என்னவென்றால், இருட்டைக் கண்டுபிடிக்க அதில் தனியாகக் கண் எதுவும் இல்லை. தகடே கண். தகட்டில் மின்னழுத்தம் இருந்தால் பகல், போய்விட்டால் இரவு. பகலில் சோறு போடுகிற கையே இரவு வந்ததையும் சொல்லிவிடுகிறது.

இப்படிப்பட்ட அழகான ஏற்பாடு என் தாழ்வாரத்தில் ஒரு நாள்கூட எரியவில்லை.

பகலெல்லாம் வெயில் வாங்கியது. பேட்டரி நிரம்பியது. ஏழு மணி ஆனது, நான் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். தாழ்வாரத்தின் குழல்விளக்கு பளிச்சென்று எரிந்தது. அவ்வளவுதான். என் நிலையம் இருட்டாகவே இருந்தது. தகட்டின் கணக்கில் அது இன்னும் பகல். விடிய விடிய அந்த விளக்கு எரிந்தது, விடிய விடிய என் விளக்குக்காரர் தூங்கினார். என் மனைவி கேட்டார், “ஏங்க, இது பகலில் எரியாத விளக்கா, ராத்திரியில் எரியாத விளக்கா?” இரண்டும்தான் என்றேன்.

இந்தக் குறையை யார் மீதும் போடுவதற்கில்லை. தவறு என்னுடையது. சோலார் தகட்டின் குணம் ஒன்று எனக்குத் தெரியாமல் போயிற்று: மங்கலான வெளிச்சத்திலும் அதன் மின்னழுத்தம் பெரிதாகக் குறையாது, மின்னோட்டம்தான் வற்றும். அதாவது தகடு, குழல்விளக்கின் கீழேயும் பகலில் இருப்பது போலவே குரல் கொடுக்கும், ஆனால் அந்தக் குரலுக்குப் பின்னால் பலம் இருக்காது. அதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. தகட்டின் இரு முனைக்கும் குறுக்கே ஒரு ரெசிஸ்டரை வையுங்கள். அது சுமை. பலமில்லாத வெளிச்சம் அந்தச் சுமையைத் தூக்க முடியாமல் விழுந்துவிடும், மின்னழுத்தம் இறங்கும், சுற்று இருட்டு வந்துவிட்டது என்று புரிந்துகொள்ளும். ரெசிஸ்டரின் மதிப்பைக் கூட்டிக் குறைத்து, எந்த அளவு மங்கலில் விளக்கு எரிய வேண்டும் என்பதை நாமே வைத்துக்கொள்ளலாம். காசுக்கணக்கில் விலை. சிம் லிம் டவரில் உதிரிப்பாகம் விற்கும் கடையில் ஒரு பொட்டலமாக வாங்கி வந்து ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தேன். அப்படியும் குழல்விளக்கு நேர் தலைக்கு மேல் இருந்ததால் தாழ்வாரம் ஒத்துவரவில்லை. கடைசியில் ரயிலை என் மைத்துனர் வீட்டுக்கு மாற்றினேன். அவருடையது தரை வீடு, பின்னால் நாலு மீட்டர் தோட்டம், ஒரு மாமரம். மாமரத்தின் நிழலைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

தானாக எரியும் விளக்கின் வரலாறு நம் கையில் இருக்கும் சில்லுக்கு மிகவும் முந்தியது. ஸ்வீடன் நாட்டில் குஸ்டாஃப் டாலேன் என்றொரு பொறியாளர். ஆளில்லாத கடற்பாறைகளில் எரிவாயுக் கலங்கரை விளக்கு பகலெல்லாம் வீணாக எரிந்தது. அதை நிறுத்த 1907-இல் ‘சூரிய வால்வு’ ஒன்றைச் செய்தார். மின்சாரமே இல்லை. நடுவில் கரி பூசிய ஒரு உலோகக் கம்பி, சுற்றி மூன்று பளபளப்பான கம்பிகள். வெளிச்சம் பட்டால் கறுப்புக் கம்பி மட்டும் அதை உறிஞ்சிச் சற்றே நீளும். அந்த மயிரிழை நீளம் வாயுவை அடைத்துவிடும். இருட்டினால் கம்பி சுருங்கும், வாயு திறக்கும், விளக்கு எரியும். வெள்ளைத் துணியைவிடக் கறுப்புத் துணி சீக்கிரம் சூடேறும் என்பது டோபி காட்டில் யாருக்கும் தெரிந்த சங்கதி. டாலேன் அதை வைத்துக் கடலில் கப்பலுக்கு வழி காட்டினார். 1912-இல் அவருக்கு இயற்பியல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அதே ஆண்டு, சோதனை ஒன்றில் எரிவாயுக் கலன் வெடித்து அவருக்குப் பார்வை போயிற்று. பரிசை வாங்க அவரால் போக முடியவில்லை. சகோதரர் போய் வாங்கினார். அந்தச் சகோதரர் கண் மருத்துவர். இதைப் படித்த அன்று எனக்கு ரெசிஸ்டர் எதுவும் மாற்றத் தோன்றவில்லை, பெட்டியை மூடிவிட்டேன்.

இந்த வரலாற்றில் சிங்கப்பூருக்கும் ஓர் ஓரத்தில் இடம் இருக்கிறது. வெளிச்சம் பட்டால் மின்தடை குறையும் பொருள் ஒன்று உண்டு என்பதை உலகுக்கு 1873-இல் சொன்னவர் வில்லோபி ஸ்மித். செலீனியம் என்ற அந்தப் பொருளை அவர் தேடிப் போகவில்லை. அவர் கடலடித் தந்திக் கம்பிகளைச் சோதிக்கும் ஆள். சோதனைக்காக வைத்த செலீனியம் கட்டிகள் ஒரு நேரம் போல் ஒரு நேரம் இல்லாமல் அளவு மாறி மாறிக் காட்டின. என்ன காரணமென்று பார்த்தால், வெளிச்சம். கடலடிக் கம்பிக்கு உறை போடப் பயன்பட்டது கட்டாபெர்ச்சா என்ற மரப்பால். அதன் மாதிரியை 1843-இல் இங்கிருந்து லண்டனுக்கு அனுப்பி அதன் பயனைத் தெரியச் செய்தவர் சிங்கப்பூரில் வேலை பார்த்த மருத்துவர் வில்லியம் மான்ட்கோமரி. மலாய்க்காரர்கள் பாராங் கத்திக்குப் பிடி போட அதைப் பயன்படுத்தியதை அவர் பார்த்திருந்தார். பிறகு உலகச் சந்தைக்கே அது சிங்கப்பூர் வழியாகப் போனது. 1871-இல் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்கு வந்த தந்திக் கம்பியும் அந்த மரப்பாலைப் போர்த்திக்கொண்டுதான் வந்தது. சுற்றிச் சுற்றி வந்தால், என் நிலையத்தின் விளக்கு எரிகிற வித்தையின் ஒரு வேர் இந்தக் காட்டு மரத்தடியில் போய் நிற்கிறது.

சோலார் தகட்டுக்கோ பொம்மையோடு பிறவிப் பந்தம் உண்டு. 1954 ஏப்ரல் 25-ஆம் தேதி அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடம் தன் சிலிக்கான் சூரிய மின்கலத்தை உலகுக்குக் காட்டியபோது அதை வைத்து ஓட்டியது ஒரு பொம்மை ராட்டினத்தை. ‘இந்த வயதில் பொம்மையா’ என்று கேட்பவர்களுக்கு நான் வழக்கமாகச் சொல்லும் பதில் இது.

இப்போது அந்த இங்கிலாந்துப் புத்தகத்துக்கு வருகிறேன். நல்ல புத்தகம்தான், குறை சொல்ல மாட்டேன். தகட்டைத் தெற்குப் பார்த்துச் செங்குத்தாகச் சாய்த்து வைக்கச் சொன்னது. குளிர்காலத்தில் பகல் எட்டு மணி நேரம்தான், இரவு பதினாறு மணி நேரம், ஆகையால் தகட்டைப் பெரிதாக வை, பேட்டரியைப் பெரிதாக வை என்றது. நானும் வைத்தேன். என் நிலையத்தின் கூரையைவிடப் பெரிய தகடு வந்து நின்றது. டேங்க் ரோடு மறைந்து, செந்தோசா விளம்பரப் பலகை மாதிரி ஆகிவிட்டது.

நம் வானம் வேறு. நாம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஒன்றேகால் பாகை தள்ளி இருக்கிறோம். ஆண்டு முழுவதும் பகல் ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம். மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் பத்து நிமிடம்கூட வராது. மார்ச்சிலும் செப்டம்பரிலும் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. ஜூனில் கொஞ்சம் வடக்கே, டிசம்பரில் கொஞ்சம் தெற்கே. ஆகவே தகட்டைப் படுக்க வைத்தாலே போதும். பத்துப் பாகை மட்டும் சாய்வு வேண்டும், அதுவும் சூரியனுக்காக அல்ல, மழைக்காக. மழை தகட்டைக் கழுவி வழிந்தோட வேண்டும். இல்லையென்றால் மைனாக்கள் போடும் எச்சம் அங்கேயே காய்ந்து நிற்கும்.

அந்தி என்பதும் இங்கே வேறு. இங்கிலாந்தில் கோடைக்காலத்து மங்கல் வெளிச்சம் வெகு நேரம் இழுக்கும். இங்கே சூரியன் நேர்குத்தாக இறங்குகிறது, இருபது நிமிடத்தில் இருட்டு. சுற்று தடுமாறுவதற்கு நேரமே கிடையாது. ஒளியுணரியை விட்டுவிட்டு ஒரு சாதாரண கடிகாரச் சாவி போட்டாலும் ஆண்டு முழுவதும் கிட்டத்தட்டச் சரியாக இருக்கும் என்று ஒரு நண்பர் சொன்னார். உண்மைதான். ஆனால் எனக்கு ஒரு சங்கடம் இருந்தது. இன்று நமக்குப் பொழுது சாய்வது ஏழு மணி வாக்கில். 1903-இல் டேங்க் ரோட்டில் ஆறு மணி வாக்கில் சாய்ந்தது. சூரியன் மாறவில்லை, கடிகாரம்தான் மாறியது. அன்று ஊர்க் கடிகாரம் சூரியனை ஒட்டி நடந்தது. பிறகு பல தடவை தள்ளித் தள்ளி, கடைசியாக 1982 புத்தாண்டன்று அரை மணி முன்னே தள்ளியதில் இன்றைய நிலைக்கு வந்தோம். நண்பகல் என்று நாம் சொல்லும் பன்னிரண்டு மணிக்குச் சூரியன் உச்சிக்கு வர இன்னும் ஒரு மணி நேரம் பாக்கி. 1903-இன் விளக்குக்காரரை நான் எந்தக் கடிகாரத்தின்படி எழுப்புவது? அதனால் கடிகாரத்தை விட்டேன். வானத்தைப் பார்த்து வேலை செய்யட்டும் அவர்.

நம் மொழியில் இதற்கு நல்ல சொல்லே இருக்கிறது. ‘விளக்கு வைக்கிற நேரம்’ என்கிறோம். என் பாட்டி மணி பார்த்து விளக்கு வைத்ததில்லை. ‘விளக்கு வைக்கிற நேரத்தில் தூங்காதே’ என்பார், ‘விளக்கு வைக்கிற நேரத்தில் கடன் கேட்காதே’ என்பார். அது மணி அல்ல, வெளிச்சத்தின் ஓர் அளவு. என் ரெசிஸ்டர் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது அந்த அளவைத்தான்.

இனி நம் வானத்தின் பெரிய குணம், இடிமழை. மதியம் மூன்று மணிக்கு உச்சி வெயில், மூன்றே காலுக்குக் கும்மிருட்டு. அப்போது என் நிலையத்தில் விளக்குகள் எரிந்துவிடும். முதலில் இதைக் குறையாக நினைத்துச் சரிசெய்யப் போனேன். பிறகு ஒரு நாள் மைத்துனர் வீட்டுக் கூரையடியில் நின்று, கொட்டுகிற மழையில் அந்தச் சின்ன ஜன்னல்கள் மஞ்சளாக எரிவதைப் பார்த்தேன். மழை இருட்டில் நிலைய அதிகாரி விளக்கேற்றச் சொல்லியிருக்க மாட்டாரா என்ன? அப்படியே விட்டுவிட்டேன். நம் தெருவிளக்குகளே வெகுகாலம் மணிக்கணக்குப்படி எரிந்தவை. புயல் இருட்டிலும் அவற்றை ஏற்றத் தொலைவிலிருந்து இயக்கும் ஏற்பாட்டை நிலப் போக்குவரத்து ஆணையம் கொண்டுவந்தது அண்மையில்தான்.

ஆனால் மின்னலை அப்படி விட முடியவில்லை. ஒவ்வொரு மின்னலுக்கும் சுற்று ‘விடிந்துவிட்டது’ என்று விளக்கை அணைத்து, மறுநொடி ‘இல்லை’ என்று ஏற்றியது. பேய் வீடு போல நிலையம் கண் சிமிட்டியது. இன்னொரு சிமிட்டலும் இருந்தது: நிலையத்தின் சொந்த விளக்கே தகட்டில் பட்டு, எரிந்தவுடன் அணைந்து, அணைந்தவுடன் எரிந்தது. தன் வெளிச்சத்தைப் பார்த்துத் தானே விடிந்ததென்று நம்பும் ஆட்கள் நம்மிலும் உண்டு. இரண்டாவது நோய்க்கு மருந்து இடமாற்றம்: தகட்டை நிலையத்திலிருந்து பிரித்து, தனியாக, வானம் பார்க்க வைப்பது. முதல் நோய்க்கு ஒரு மின்தேக்கி, நம் கடைக்காரர்கள் கண்டென்சர் என்பார்களே, அது. அது நிறைவதற்கும் வடிவதற்கும் சுமார் அரை நிமிடம் ஆகும்படி வைத்தேன். அரை நிமிடம் தொடர்ந்து இருட்டாக இருந்தால்தான் எரியும், அரை நிமிடம் தொடர்ந்து வெளிச்சமாக இருந்தால்தான் அணையும். மின்னலுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

கணக்கு கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன், மற்றவர்கள் ஒரு நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள். நடைமேடையிலும் ஜன்னல்களிலும் இருபது எல்இடி, ஒவ்வொன்றும் 2 மில்லி ஆம்பியர். பொழுது சாய்ந்து ஐந்து மணி நேரம் எரிந்தால் 200 மில்லி ஆம்பியர் மணி. கைகாட்டி விளக்கு நாலு, ஒவ்வொன்றும் 1 மில்லி ஆம்பியர், இரவு முழுவதும்: 48. ஆக ஓர் இரவுக்கு 250 என்று வையுங்கள். 6 வோல்ட், ஒரு வாட் தகடு நல்ல வெயிலில் 160 மில்லி ஆம்பியர் தரும். நம் ஊரில் ஒரு நாள் வெயிலைச் சுருக்கினால் நாலு மணி நேர முழு வெயிலுக்குச் சமம். மாமரத்தின் நிழலைப் பற்றிப் பிறகு சொல்கிறேன் என்றேனே, அது அதில் பாதியைத் தின்றுவிடும். அதற்குப் பிறகும் 320 மிஞ்சுகிறது. 1.2 வோல்ட் பேட்டரி மூன்று, ஒவ்வொன்றும் 2000 மில்லி ஆம்பியர் மணி. வெயிலே இல்லாவிட்டாலும் எட்டு இரவு தாங்கும். தகடு சிறியதாக இருப்பதில் இன்னொரு லாபம்: மின்னோட்டம் மெதுவாகப் போவதால் பேட்டரி அதிகமாக நிரம்பிச் சூடாகும் பயம் குறைவு, அதற்கென்று தனிக் கட்டுப்பாட்டுக் கருவி வேண்டியதில்லை. இரவில் பேட்டரியின் மின்சாரம் தகட்டுக்குத் திரும்பி ஓடாமல் ஒரு டயோடு மட்டும் போதும். இந்த ஒரு வாட் தகடு ஒரு சீட்டுக்கட்டைவிடச் சற்றே பெரியது. சரக்குக் கொட்டகையின் கூரையில் அடங்கிவிட்டது.

இருபது மில்லி ஆம்பியர் தாங்குகிற எல்இடிக்கு இரண்டு மட்டும் ஏன் கொடுக்கிறேன்? சிக்கனம் ஒரு காரணம். பெரிய காரணம் வேறு. தோட்ட ரயில்காரர்கள் செய்யும் பெரும்பிழை அதிக வெளிச்சம். 1903-இன் மண்ணெண்ணெய் விளக்கை நீல வெள்ளை எல்இடியால் முழுப் பலத்தில் எரித்தால், அது டேங்க் ரோடாக இருக்காது, பெட்ரோல் நிலையமாக இருக்கும். மஞ்சள் கலந்த வெள்ளை வேண்டும், மங்கலாக வேண்டும், சில ஜன்னல்கள் இருட்டாகவே இருக்க வேண்டும். சொல்லப்போனால், நன்றாக ஒளியேற்றிய நிலையம் என்பது பாதி இருட்டான நிலையம். கைகாட்டிக்கு ஒரு நுட்பம் உண்டு. பழைய கைகாட்டி மரங்களில் பச்சைக்கு வைத்த கண்ணாடி நீலம் கலந்ததாக இருக்கும். மண்ணெண்ணெய்ச் சுடரின் மஞ்சளும் கண்ணாடியின் நீலமும் சேர்ந்துதான் தூரத்தில் பச்சையாகத் தெரியும். வெள்ளை எல்இடியின் முன் அந்த நீலக் கண்ணாடியை வைத்தால் நீலமாகவே தெரியும். நான் வைத்து ஏமாந்தேன். மஞ்சள் கலந்த வெள்ளை எல்இடிக்கு மாற்றிய பிறகுதான் சரியாயிற்று.

ஈரம்தான் கடைசி எதிரி. இணைப்புகளை முறுக்கி விட்டால் ஒரு மாதத்தில் பச்சை பூக்கும். பற்றவைத்து, மேலே சூட்டில் சுருங்கும் உறை போட வேண்டும். பெட்டியை முழுக்க அடைத்து வைக்கலாம் என்று நினைக்காதீர்கள், உள்ளே வியர்க்கும். அடியில் ஒரு துளை விடுங்கள், அதில் மெல்லிய வலை ஒட்டுங்கள், எறும்புக்காக. தோட்ட விளக்கின் தலைக் கிண்ணத்தில் மழைநீர் தேங்கும் என்பதை மறக்க வேண்டாம். டெங்கிக் கொசுவுக்கு அந்தக் கிண்ணம் தாராளம். தேசியச் சுற்றுப்புற அமைப்பின் அதிகாரி வந்து உங்கள் ரயில் நிலையத்தைச் சோதனை போட்டால் பயணிகளுக்கு அவமானம்.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். டேங்க் ரோடு நிலையம் திறந்த அதே 1903-இல்தான் அதற்கு மேலே ஃபோர்ட் கேனிங் குன்றில் கலங்கரை விளக்கமும் எரியத் தொடங்கியது. 1958 வரை எரிந்தது. இன்று அங்கே இருப்பது அதன் மாதிரி. கீழே ரயில் விளக்கு, மேலே கப்பலுக்கான விளக்கு, இரண்டும் ஒரே ஆண்டுக் குழந்தைகள். அசல் கோபுரம் 24 மீட்டர், என் அளவில் ஒரு மீட்டருக்குச் சற்று மேல். மைத்துனர் அனுமதி கொடுத்துவிட்டார், ஆனால் மாமரக் கிளை ஒன்றை வெட்ட வேண்டும் என்கிறார். அதில் பேச்சுவார்த்தை நடக்கிறது. கலங்கரை விளக்கமும் வெயிலில்தான் எரியும். அது அப்படியொன்றும் கற்பனை இல்லை. 1851-இல் கட்டிய ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம் இன்று சூரிய மின்சாரத்தில்தான் கப்பல்களுக்கு வழி காட்டுகிறது.

பேசியது போதும். நிலையத்தை இங்கே கொண்டு வந்திருக்கிறேன், மேடைக்கு இடப்பக்கம் மேசையில் துணி மூடி இருக்கிறது. துணியை எடுத்துவிடுகிறேன். முன்வரிசையில் இருப்பவர்கள் கைபேசியைக் கொஞ்சம் கவிழ்த்து வையுங்கள், அதன் வெளிச்சம் தகட்டில் பட்டால் விடிந்துவிடும். கதவருகில் நிற்கும் தம்பி, அரங்கத்து விளக்குகளை அணைத்துவிடுங்கள்.

அரை நிமிடம் பொறுங்கள்.